மூன்று சுமை அட்டைகள்

முதலில் வந்தது அரிப்புதான். இரண்டு கால்களிலும், முழங்காலுக்குக் கீழே. தோலில் தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. ஆனாலும் சொறிந்து சொறிந்து ரத்தம் வந்துவிடும். மருந்துக்கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொரு களிம்பு கொடுத்தார்.

என் வீட்டுக்காரருக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். அரிப்புக்கு அவர் சட்டைத் தூசிதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். "ஆலைய அங்கயே வுட்டுட்டு வாங்க, வூட்டுக்குத் தூக்கிட்டு வராதீங்க" என்று தினமும் ஒரு பாட்டு. பாவம், இரண்டு மாதம் வாசலிலேயே நின்று சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

ஒரு நாள் குளிக்கப் போகும்போது சங்கிலியின் கொக்கியைத் தேடிய விரலில் கட்டி தட்டுப்பட்டது. இடது காறை எலும்புக்கு மேலே, நெல்லிக்காய் அளவு. வலிக்கவில்லை. வலிக்காததால் இன்னும் மூன்று வாரம் சும்மா இருந்தேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வலிக்காத கட்டி இருந்தால், தயவுசெய்து நாளைக்கே போய்க் காட்டுங்கள்.

திருச்சியில் பெரிய மருத்துவமனை ஒன்றில் பயாப்ஸி (கட்டியிலிருந்து கொஞ்சம் சதையை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். வந்த பெயர் லிம்ஃபோமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்; கழுத்து, அக்குள், தொடையிடுக்கு இங்கெல்லாம் இருக்கும் சிறு முடிச்சுகளில் தொடங்கும்). காரணமே இல்லாத அரிப்பும் இதன் அடையாளங்களில் ஒன்று என்றார் டாக்டரம்மா. நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த நேரத்திலும் லேசாகச் சிரித்தார்.

"பயப்படாதீங்க, இது மருந்துக்கு நல்லா கேக்குற வகை" என்றார் டாக்டரம்மா. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கீமோ (புற்றணுக்களைக் கொல்ல நரம்பு வழியாக ஏற்றும் மருந்து), மொத்தம் ஆறு மாதம். இதெல்லாம் என் முகத்தைப் பார்த்து, என்னிடமே சொன்னார்கள். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பதினோரு வருடமாகப் பெரம்பலூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, பவர், ரத்து எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். ஒரு ஷரத்து விட்டுப்போனால் ஒரு குடும்பம் கோர்ட்டுக்கு அலையும் என்று தெரிந்தவள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக் கூடப் படிக்காமல் விடமாட்டேன். இந்தக் குணத்தோடுதான் நான் ஏமாந்தேன்.

என் தம்பி பிரபு அரியலூரில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். எனக்குப் பொழுது போக வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஒரு கனத்த பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். உள்ளே நூற்றுக்கணக்கில் அட்டைகள். மந்திரவாதி, வில்லாளி, குகைப் பூதம், எரியும் கோட்டை. "இந்த வயசுல எனக்கு பொம்மையாடா?" என்றேன். ஒரே மாதத்தில் எங்கள் வீட்டில் என்னைவிட அதில் பைத்தியமானவர் யாரும் இல்லை.

சீட்டாட்டத்தில் நீயா நானா என்று மோதுவோம். இதில் அப்படி இல்லை. ஆடுகிற எல்லோரும் ஒரே பக்கம். ஆளுக்கொரு வீரர், ஆளுக்கொரு அட்டைக்கட்டு. எதிரி என்று மனிதர் யாரும் கிடையாது. நடுவில் கவிழ்த்து வைத்திருக்கும் எதிர்க்கட்டுதான் எதிரி. ஒவ்வொரு சுற்றிலும் அதிலிருந்து அட்டையைத் திருப்ப வேண்டும். பூதமோ புயலோ வருவதைச் சமாளிக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோரும் ஜெயிக்கிறோம், தோற்றால் எல்லோரும் தோற்கிறோம். என் வீரர் காயத்துக்குக் கட்டுப்போடும் ஒரு மூலிகைக்காரி. வீட்டுக்காரர் கோடாரிக்காரர். பிரபு ஒரு திருடன்.

முதலில் வாங்குவது அடிப்பெட்டி. அதில் தனித்தனியாக ஆட மூன்று கட்டங்கள்தான் இருந்தன. அப்புறம் விரிவுப்பெட்டிகள் வரும். அவற்றில் புது வீரர்கள், புது எதிரிகள், ஒரு நீண்ட கதை. அப்படி ஒன்றையும் பிரபு சேர்த்தே வாங்கியிருந்தான். விரிவுப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஆட முடியாது. அடிப்பெட்டியின் அட்டைகளோடு கலந்தால்தான் ஆட்டம் நடக்கும்.

அந்த நீண்ட கதையைப் பயணம் என்று சொல்வோம். ஒன்பது கட்டங்கள், வரிசையாக. ஒன்றில் நடந்தது அடுத்ததில் தொடரும். சம்பாதித்த வரம் கூடவே வரும். ஒரு கட்டத்தில் தோற்றால் அதையே திரும்ப ஆடலாம், ஆனால் சும்மா இல்லை. ஒரு சுமை அட்டையை எடுத்து எதிர்க்கட்டில் சேர்க்க வேண்டும். பயணம் முடியும்வரை அது அங்கேயே இருக்கும். எப்போது திரும்பும் என்று தெரியாது. திரும்பினால் எல்லோருக்கும் அடி. வீரர் செத்தால் போனது போனதுதான், அடுத்த கட்டத்துக்கு வர மாட்டார்.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதினேன், பத்திர நடையில். "ஷரத்து ஏழு: தோல்வியுற்றவர்கள் தோல்வி ஒன்றுக்கு ஒரு சுமை வீதம் எதிர்க்கட்டில் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள்." பிரபு விழுந்து விழுந்து சிரித்தான். முதல் நான்கு கட்டங்களைத் தாண்டுவதற்குள் மூன்று முறை தோற்றோம். மூன்று சுமைகள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

நான்காவது ஊசிக்குப் பிறகு என் விரல் நுனிகள் மரத்துப்போயின (இந்த மருந்துகளில் சில, கைகால் நரம்புகளை மந்தமாக்கும்). சட்டைப் பொத்தான் போடுவதே பெரும்பாடு. அட்டைகளைக் குலுக்கினால் தரையெங்கும் சிதறும். அதனால் எதிர்க்கட்டைத் தயார் செய்து, குலுக்கி வைக்கும் வேலையை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். நானாகத்தான் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பெட் ஸ்கேன் எடுத்தார்கள் (உடம்பில் புற்று உயிரோடு இருக்கும் இடங்கள் மட்டும் ஒளிர்ந்து தெரியும் படம்). முடிவு வந்த அன்று எனக்குக் காய்ச்சல், வெள்ளையணு குறைந்திருந்தது. வெளியே போகக் கூடாது. வீட்டுக்காரரும் பிரபுவும் திருச்சி போய் வந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லா கேக்குதாம் கலை. அதான் இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடுத்து சீக்கிரம் முடிச்சிடலாம்ங்கறாங்க" என்றார் அவர். பிரபு செருப்பைக் கழற்றிக்கொண்டே "ஆமாக்கா" என்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

புது மருந்துக்கு மூன்று மூன்று நாள் மருத்துவமனையில் படுக்க வேண்டும். முதல் நாள் டாக்டரம்மா வேகமாக வந்து, "வீட்ல எல்லாம் பேசி முடிவு பண்ணிட்டீங்கல்ல?" என்று கேட்டார். மருந்து மாறுவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "பேசிட்டோம் மேடம்" என்றேன். அந்த ஒரு பதிலுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அந்த மருந்து என்னை முறித்துப்போட்டது. வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தாலும் எரியும். ஆனால் ஆட்டத்தில் மட்டும் நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். ஐந்தாம் கட்டம், ஆறாம் கட்டம், இரண்டும் முதல் தடவையிலேயே. படுத்தபடியே என் மூலிகைக்காரி கோடாரிக்காரரை இரண்டு முறை சாவிலிருந்து இழுத்தாள். ஆபீஸ் தோழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, "சூப்பர்க்கா" என்றாள். ஆட்டம் இப்படி நமக்குச் சாதகமாகத் திரும்புகிறதே, உடம்பும் திரும்புகிறது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டாவது முறை படுத்து எழுந்து வந்த பிறகு ஏழாம் கட்டம் ஆடினோம். அது நீளமான கட்டம். ஆடி ஆடி எதிர்க்கட்டு முழுவதும் தீர்ந்துவிட்டது. தீர்ந்தால் கழித்துப்போட்ட அட்டைகளை அள்ளி மறுபடி குலுக்க வேண்டும். வீட்டுக்காரர் அள்ளினார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கட்டின் கடைசி அட்டைவரை திருப்பியாகிவிட்டது. ஒரு சுமைகூட வரவில்லை.

அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஏழாம் கட்டத்தையும் ஜெயித்தோம். பிரபு கைதட்டினான். நானும் தட்டினேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு பெட்டியைக் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தேன். மரத்த விரலால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்று சுமைகளும் இல்லை. கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மனுஷன் எனக்காகக் கள்ள ஆட்டம் ஆடியிருக்கிறார். மாலையில் பிடித்து நன்றாக ஓட்ட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு அட்டைகள் கையில் இருக்க வேண்டும். அவர் எதையும் தூக்கி எறிகிற ஆள் இல்லை. பீரோ, அலமாரி, அவருடைய ஆலைப் பை. கடைசியில் பீரோ மேல், மடித்த போர்வைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. நான் பார்க்காத ஃபைல். மூன்று அட்டைகளும் அதில் இருந்தன. அவற்றோடு என் ஸ்கேன் அறிக்கையும் இருந்தது.

நல்லா கேக்குது என்று அதில் எங்கும் இல்லை. முதல் மருந்துக்கு நோய் அடங்கவில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் இன்னும் ஒளிர்கிறது என்று இருந்தது. அதற்கடியில் ஒப்புதல் படிவத்தின் நகல். புது மருந்தால் சூலகம் (கருமுட்டை உருவாகும் உறுப்பு) நிரந்தரமாகச் செயலிழக்கலாம். விரும்பினால் மருந்து தொடங்கும் முன் கருமுட்டைகளை எடுத்து உறையவைத்துக் கொள்ளலாம், அதற்குப் பதினைந்து நாள் தாமதமாகும். டிக் போட இரண்டு கட்டங்கள். "வேண்டாம்" என்பதில் டிக். நோயாளிக்காக என்று என் வீட்டுக்காரர் கையெழுத்து. சாட்சி: பிரபு.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். ஒருமுறை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. முயற்சியை நாங்கள் விட்டிருக்கவில்லை.

அந்தப் படிவத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பவர் பத்திரம் எத்தனையோ அடித்திருக்கிறேன். தன் சொத்தை இன்னொருவர் விற்கலாம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் அது செல்லும். நான் யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லையே என்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

மாலை ஆறரைக்கு வந்தார். பழக்கம் விடவில்லை, வாசலில் நின்று சட்டையை உதறினார். மேசைமேல் மூன்று அட்டைகளையும் படிவத்தையும் வரிசையாக வைத்திருந்தேன். பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?"

"கலை..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"பதினஞ்சு நாள் தள்ளிப்போட்டா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு. டாக்டர் தள்ளலாம்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் பயம்."

"எங்கிட்ட சொல்லலாமில்ல?"

"சொன்னா நீ கொழந்தைதான் முக்கியம்னு நின்னுருவ. எனக்கு நீ வேணும்."

"அப்படி நின்னுருப்பேனா, இல்ல நீங்க போட்ட இடத்துலயே நானும் டிக் போட்டிருப்பேனா? இப்ப எனக்கே தெரியாதுங்க. இனிமே தெரியவும் தெரியாது."

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. நான் வாய்ப்புண்ணோடு ஐஸ்கட்டியைச் சப்பிக்கொண்டு, நாம் ஜெயிக்கிறோம் என்று சந்தோஷப்பட்டதை இந்த இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அதுதான் படிவத்தைவிட அதிகமாகச் சுட்டது.

"அட்டைய ஏன் எடுத்தீங்க?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"அது ஒண்ணாவது என் கையில இருந்துச்சு" என்றார்.

பிரபு அடுத்த ஞாயிறு வந்தான். கையில் புதிதாக இன்னொரு விரிவுப்பெட்டி, பிரிக்காமல். "மாமா சொன்னதாலதான்க்கா... நீ ஒடஞ்சுருவன்னு நெனச்சோம்" என்றான். "அடிப்பெட்டியே சரியில்லடா, அதுக்கு மேல எதக் கொண்டாந்து அடுக்குற? எடுத்துட்டுப் போ" என்றேன். எடுத்துக்கொண்டு போனான். சாப்பிடச் சொல்லவில்லை. என் தம்பியை நான் சாப்பாடு போடாமல் அனுப்பியது அது ஒருமுறைதான்.

மூன்றாவது முறை படுக்கப் போனபோது டாக்டரம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்னும், நீங்கதான் வேணாம்னு சொன்னீங்கன்னும் உங்க வீட்டுக்காரர் சொன்னாரும்மா. நான் உங்ககிட்ட நேரா கேட்டிருக்கணும். தப்புதான்."

"இப்ப ஏதாவது பண்ண முடியுமா மேடம்?"

"ரெண்டு முறை மருந்து போயிடுச்சு. இப்ப எடுக்கறதுல பலன் இருக்காது. சிகிச்சைய நிறுத்தவும் கூடாது. முடிஞ்ச பிறகு சூலகம் சில பேருக்குத் திரும்ப வேலை செய்யும், சில பேருக்குச் செய்யாது. உங்களுக்கு எப்படின்னு பொய் சொல்ல மாட்டேன்."

பல வாரம் கழித்து ஒருவர் என்னிடம் நேராகப் பேசினார். சொன்னது கெட்ட செய்திதான். ஆனாலும் நெஞ்சில் ஏதோ ஒன்று தளர்ந்தது. மருத்துவமனை ஃபைலில் இருந்த வீட்டுக்காரர் போன் நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுதச் சொன்னேன். மூன்றாவது முறைக்கான ஒப்புதல் படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். மரத்த விரல், கோணலாகத்தான் வந்தது.

கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் ராத்திரி பகலாகச் சம்பாதித்த உரிமை நிறைய. கோபப்படலாம், அழலாம், கட்டாயப்படுத்திக் கஞ்சி ஊட்டலாம். எங்கள் உடம்புக்குள் இருப்பதை எங்களிடமிருந்து ஒளித்து வைக்க மட்டும் யாரும் உங்களுக்கு உரிமை எழுதித் தரவில்லை. நாங்கள் உடைவோம், நிஜம்தான். உடைந்து ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து அடுத்தது என்ன என்று கேட்போம். எனக்கு அந்த ஒரு வாரத்தையும் கொடுக்கவில்லை.

ஆட்டம் என்ன ஆனது என்று சிலர் கேட்பீர்கள். ஒரு மாதம் பெட்டியைத் தொடவில்லை. பிறகு நானே எடுத்தேன். ஐந்து, ஆறு, ஏழு என மூன்று கட்டங்களின் வெற்றியையும் நோட்டில் ரத்து செய்தேன். மூன்று சுமைகளையும் கட்டில் சேர்த்து, என் கையாலேயே, தரையெல்லாம் சிதறச் சிதறக் குலுக்கினேன். மறுபடி ஐந்தாம் கட்டத்திலிருந்து ஆடினோம். பிரபுவையும் கூப்பிட்டேன், சாப்பாடும் போட்டேன். ஆறாம் கட்டத்தில் இரண்டு சுமைகள் அடுத்தடுத்துத் திரும்பின. கோடாரிக்காரர் செத்தார். மூலிகைக்காரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்காரர் தன் அட்டைகளை அடுக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, மீதிக் கட்டங்களை வெறுமனே உட்கார்ந்து பார்த்தார்.

சிகிச்சை முடிந்து கடைசி ஸ்கேனுக்கு நான் மட்டும் போனேன். வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஒரு வாரம் கழித்து முடிவு வாங்கவும் நான் மட்டும். டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டினார். எங்கேயும் ஒளிரவில்லை. "சுத்தமா இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. போன் அடித்தது. வீட்டுக்காரர். எடுக்கவில்லை. சமயபுரம் தாண்டுவதற்குள் நான்கு முறை அடித்தது. அணைத்துப் பைக்குள் போட்டேன். மனசார அவரைத் தண்டித்தேன் என்று சொன்னால் பாதிதான் சரி. மீதிப் பாதி வேறு. என் உடம்பைப் பற்றி அந்த நேரத்தில் அந்தப் பஸ்ஸில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாது. என் முலை, வயிறு, மரத்த விரல், ஏழு மாதமாக வராத மாதவிலக்கு எல்லாவற்றையும் ஒருமுறை எனக்குள்ளேயே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இனி நாள் எண்ணுவது மூன்று மாதம் மூன்று மாதமாகத்தான். அதற்கு மேல் யோசிக்க வரவில்லை. பாடாலூரில் பஸ் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஒன்றேகால் மணி நேரம், யாரும் எனக்காக எதையும் முடிவு செய்யவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஆலைக்கு லீவு போட்டிருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. ஓடி வந்து பையை வாங்கினார்.

"என்ன சொன்னாங்க?"

என் வாய்வரை வந்துவிட்டது. "டீ குடிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவர் இரண்டு டீ வாங்கி வந்தார். தன்னுடையதைக் குடிக்கவில்லை, கையிலேயே பிடித்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே என் டீயை மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு சொன்னேன்.